கிறிஸ்துநாயகத்தின் துவாய்

கிறிஸ்துநாயகம் துவாயை நான்காக மடித்து வலது தோளில் வைத்து, கண்ணாடி முன் நின்று பார்ப்பார். திருப்தி வராது. உதறி மீண்டும் மடிப்பார். மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்; யூலை பிறந்தால் இதே கூத்து.

இத்தாலியின் பலேர்மோவில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இங்கே குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறார். டைல்ஸ் வெடித்தால் ஏசுவது இத்தாலிய மொழியில்தான். "மத்தியானத்துக்குப் பிறகு கோப்பிக்குப் பால் விடுற ஆக்களோடை எனக்குப் பேச்சில்லை" என்பார், இத்தாலியர் வழக்கப்படி. நானும் அந்தப் பாவிகளில் ஒருவன்.

"பலேர்மோவிலை எங்கடை வட்டாரத்து மாதாவுக்குத் தோள் குடுத்தனான். இஞ்சையும் ஒருக்காக் குடுக்கவேணும், அவ்வளவுதான்" என்பார்.

அவ்வளவுதான் என்றாலும் லேசில்லை. லண்டன் கிளார்க்கன்வெல்லில் யூலையில் நடக்கும் இத்தாலியர் திருநாளில், மாதாவின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்குகிறவர்கள் பரம்பரையாக வருகிறவர்கள். தகப்பன் விட்ட இடத்தில் மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன். இவர், கூட்டின் தடி தோளில் உறுத்தாதிருக்க, வருடாவருடம் துவாயோடு போய்த் துவாயோடு திரும்புவார். மனைவி றோஸ்மலர் சும்மா விடமாட்டார்: "இவரின்ரை தோள் இல்லாமல் மாதா விழுந்தோ போனவ?"

2009இல் றோஸ்மலரோடு நானும் கூடப் போனேன். தெருவெல்லாம் சுட்ட பன்றியிறைச்சி மணம், வைன், வெள்ளை உடுப்புச் சிறுமிகள். திருப்பத்தில் கூடு தெரிந்ததும் மனிதர் தன்னை மறந்தார். கையை உயர்த்தி, "விவா சாந்தா ரொசலீயா!" என்று கத்திவிட்டார். அது பலேர்மோக்காரர் தங்கள் ஊர்க் காவல் புனிதைக்குப் போடும் கோஷம். வருவதோ கார்மேல் மாதா. பிள்ளையார் தேருக்கு முன்னால் நின்று முருகனுக்கு அரோகரா போட்ட மாதிரி. சனம் திரும்பிப் பார்த்தது. றோஸ்மலர் எங்களைத் தெரியாதவர்போலத் தள்ளி நின்றார்.

"எல்லாம் போச்சு. இனி உந்தப் பக்கம் தலை காட்டேலாது" என்றார் கிறிஸ்துநாயகம். எனக்கும் பாவமாக இருந்தது.

கூடு எங்களுக்கு நேரே வந்து இளைப்பாற நின்றது. முன்மூலையைத் தாங்கியிருந்த கிழவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். பலேர்மோக்காரனா என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"ஓம்!" என்றார் இவர், தமிழில்.

கிழவருக்கு அது போதுமாயிருந்தது. தடியை விட்டு விலகி, வா என்று தலையை அசைத்தார்.

றோஸ்மலர்தான் முதலில் ஓடினார், தன் கைப்பையில் வைத்திருந்த துவாயை நீட்டிக்கொண்டு. கிறிஸ்துநாயகம் வாங்கவில்லை. சேர்ட்டின் கொலரை இழுத்து விலக்கி, வெறும் தோளைத் தடிக்குக் கீழே கொடுத்தார்.