கரிசலாங்கண்ணியும் சோற்றுக் கரண்டியும்

என் மச்சாளை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவருடைய நுண்ணோக்கி அல்ல, சோற்றுக் கரண்டி. அகலமான சில்வர்க் கரண்டி. மெல்பேர்னின் ட்ருகனினாப் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் அது தோளுக்கு மேலால் வந்து நிற்கும். போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் "காணும்" மட்டும் அவருக்குக் காது கேட்காது. தட்டுக்கு மேல் கையை மறித்தால் விரல் இடுக்கால் சோறு இறங்கும். விருந்தாளி போதும் என்பது மரியாதைக்கு, அதை நம்பிவிடுவது அவமரியாதை என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மெல்பேர்னுக்கு வந்து எத்தனையோ விஷயத்தில் மாறியவர், இதில் மட்டும் மாறவில்லை.

மாமாவின் மகள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் அவர் ஆய்வாளர், நான் அங்கேயே தொழில்நுட்ப உதவியாளன். கரிசலாங்கண்ணி முடி வளர்க்கும் என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வோம். எப்படி வளர்க்கிறது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வோம். மச்சாளுக்கு அந்த 'எப்படி' வேண்டியிருந்தது. மயிர்க்காலின் அடியில் குமிழ் மாதிரி ஒரு சிறு கூட்டம் கலங்கள், அதாவது உயிரணுக்கள், இருக்கின்றன. அவை சைகை கொடுத்தால்தான் ஓய்ந்து கிடக்கும் மயிர்க்கால் விழித்து முடியை மேலே தள்ளும். இலையில் உள்ள ஏதோ ஒன்று அந்தக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது என்பது அவர் கணிப்பு. எனக்கு அப்போதே முழு வழுக்கை. "உம்மைப் பாத்தால் எனக்கு வேலை செய்யோணும் எண்டு ஒரு வெறி வருது, மச்சான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவார்.

வெறி இருந்து என்ன, கலங்கள் செத்துக்கொண்டே இருந்தன. கண்ணாடிக் கூடாரத்தில் தானே வளர்த்த செடியிலிருந்து சாறு எடுத்து, கிண்ணத்தில் வளரும் கலங்களுக்குக் கொடுப்பார். மறுநாள் பார்த்தால் அவை சுருண்டு மிதக்கும். சாறு வீரியம் இல்லாமல் போய்விட்டது, கலங்கள் தம்பாட்டில் சாகின்றன என்று நினைத்து இன்னும் கெட்டியாக்கினார். அவையும் போயின. எங்கள் பேராசிரியர் நல்ல மனுஷி, ஆனால் கறார். இந்த இலை கலங்களுக்கு நஞ்சு போலிருக்கிறது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். மூடினால் மச்சாளின் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குத்தான். அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அப்படியிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரைச் சாப்பிடக் கூப்பிட்டார். வேலை வேறு, விருந்து வேறாம். நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், புட்டு. பேராசிரியர் தட்டை மறித்து, ஆங்கிலத்தில் போதும் போதும் என்றார். கரண்டி இறங்கியது. மறுபடி மறித்தார். மறுபடி இறங்கியது. பாவம், மரியாதைக்காக எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, முகம் சிவந்து, மூச்சு வாங்க, பின்வளவில் ஒரு கதிரையில் போய்ச் சாய்ந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினேன். மச்சாள் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதுகளும் காணும் எண்டுதான் சொல்லியிருக்குதுகள்."

"எதுகள்?"

"கலங்கள். நான்தான் கேக்கேல்லை. குறைச்சுக் குடுத்தன் எண்டு நினைச்சதே அதுகளுக்குக் கலியாணச் சாப்பாடு."

திங்கட்கிழமை சாற்றைத் தண்ணீர்தானோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஐதாக்கினார். கலங்கள் சாகவில்லை, பெருகின. அது போதாது, முடி வளர்கிறதா என்று காட்டவேண்டும் என்றார் பேராசிரியர். அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் சம்மதித்துக் கொடுத்த தோல் துண்டுகளிலிருந்து மயிர்க்கால்களைப் பிரித்தெடுத்து, பாதிக்குச் சாறும் பாதிக்கு வெறும் ஊட்டநீரும் வைத்தோம். அளப்பவர் மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காக, எது எது என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். சாறு வைத்த கிண்ணங்களுக்கு நீலப் பொட்டு, மற்றவற்றுக்குச் சிவப்பு. அந்த வாரம் முழுக்க மச்சாள் என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன்.

கடைசி நாள் அவர் அளந்தார், பிறகு பேராசிரியர் தானே உட்கார்ந்து அளந்தார். நீலத்தில் முடிகள் தெளிவாக நீண்டிருந்தன. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீலம்தான் இலை" என்றேன். மச்சாள் என் வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பேராசிரியர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். திரும்பச் செய்தோம், திரும்பவும் நீலமே வென்றது. வேலை மூடப்படவில்லை. இன்று அந்த வேலையை நடத்துவது மச்சாளின் சொந்தக் குழு. அந்தக் குழுவில் அவருக்குக் கீழே வேலை செய்வதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வரும் தமிழ் அன்ரிமார் அவரைச் சூழ்ந்துகொண்டு முடி வளர ஒரு போத்தல் எண்ணெய் கேட்பார்கள். "கிண்ணத்திலை வளந்தது தலையிலை வளர இன்னும் கன வேலை இருக்கு, அன்ரி" என்று பொறுமையாகச் சொல்லுவார். என் தலையே சாட்சி.

போன ஞாயிறு அவர் வீட்டில் சாப்பிட்டேன். அதே கரண்டி தோளுக்கு மேலால் வந்தது. நான் தட்டை மறித்தேன்.

"காணும், மச்சாள். உமக்குத்தான் இப்ப காணும் எண்டால் கேக்குமே."

"கலங்கள் சொன்னால் கேக்கும்," என்றார். விரல் இடுக்கால் சோறு இறங்கியது.