மானாம்பதியாவின் சொந்தப் பேர்

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் அண்ணிக்கு ஐந்தாம் மாதப் பரிசோதனை. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நர்ஸ் வாசலுக்கு வந்து ஒரு பெண்ணின் பேரை இரண்டு முறை கூப்பிட்டார். நான் போனில் மூழ்கியிருந்தேன். அம்மா சுற்றிலும் பார்த்து, "யாருடி அது, கூப்டுக்கினே கீறாங்க, காதுல வாங்காம குந்திக்கினு?" என்றாள். நர்ஸ் அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த அண்ணி, "என்னக் கூப்டாங்களா அத்த?" என்று கேட்டாள்.

"மானாம்பதின்னு யாரையும் கூப்டலியேம்மா."

அண்ணி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். தானே உள்ளே போய்ப் பேசிப் பரிசோதனையை முடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கொயந்த பொறக்கறதுக்குள்ள இந்தத் தெருவுல ஒருத்தராவது என்ன எம் பேரு சொல்லிக் கூப்டணும்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நர்ஸ் கூப்பிட்டது அண்ணியின் பேரைத்தான்! எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள் எல்லாருக்கும் பிறந்த ஊர்தான் பேர். அண்ணி மானாம்பதியா. அம்மா புள்ளலூரா. எதிர்வீட்டு அத்தை சாலவாக்கத்தா. கடைசி வீட்டுக்காரி திருப்புலிவனத்தா. ஊர்ப் பேர்களுக்குப் பொருள் தேட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை; இவர்களிடம்தானே தொடங்க வேண்டும்!

மறுநாள் காலை எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் குழாயடியில் நின்று, அம்மாவின் புள்ளலூரிலிருந்து தொடங்கினேன். "புள்ளுன்னா பறவம்மா. பறவைங்க வந்த ஊரா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா? காலேஜு போற புள்ள, கரெக்டா சொல்லு."

கரெக்டாக எனக்கும் தெரியாது. அதனால் வரலாற்றுக்குத் தாவினேன். பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் புள்ளலூரில் பெரிய போர் நடந்தது என்றேன்.

"அதான் பாத்தேன், கொடத்த நவுத்தினா இவ ஏன் சண்டைக்கி வர்றான்னு!" என்றாள் சாலவாக்கத்தா. அம்மாவே சிரித்துவிட்டாள்.

மானாம்பதியில் 'பதி' என்றால் ஊர் என்று ஆரம்பித்தேன். அதற்குள் மான் மேய்ந்த இடம் என்று ஒருத்தி, மானமுள்ள ஊர் என்று ஒருத்தி, பேச்சு கலகலவென்று போனது.

அண்ணி குடத்தைக் கீழே வைத்தாள். "ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றீங்க, நல்லாத்தான் கீது. எம் பேரு இன்னான்னு யாருக்காவது தெரியுமா?"

கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி, நானும் அம்மாவும்கூட அந்தப் பேரைச் சொன்னதே இல்லை.

"எம் பேரு மட்டும் யாருக்குடி தெரியும்?" என்று சாலவாக்கத்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். அண்ணி "சொல்லுங்க அத்த" என்றதும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். திருப்புலிவனத்தா வாயைப் பிளந்தாள். அவளுக்கும் அதே பேர்!

"இன்னாடி பேஜாரு! இத்தினி வருசமா ஒண்ணா தண்ணி புடிக்கிறோம்!" என்றாள் அவள்.

ஆனால் சாலவாக்கத்தா தன்னை அந்தப் பேரால் கூப்பிட வேண்டாம் என்றாள். "வுட்டுட்டு வந்த ஊரு. அது பேரயாவது தெனம் காதுல கேட்டுக்கினு கீறேன். அதயும் புடுங்காதீங்க."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "அப்போ எனக்கு ஊரும் இருக்கட்டும், பேரும் இருக்கட்டும்."

அம்மா முயன்று பார்த்தாள். மானாம்பதி என்று தொடங்கி, அண்ணியின் பேரைப் பின்னால் சேர்த்துக் கூப்பிட்டாள். வாய்க்குப் பழகாத பேர், நடுவில் ஒருமுறை தடுக்கியது.

"இன்னா அத்த?"

"ஒண்ணுமில்ல, சும்மா கூப்டேன்."

அண்ணி குடத்தை மறந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ இன்னாடி பல்லக் காட்டற?" சாலவாக்கத்தா என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கி உன்னக் கட்டிக் குடுக்கற எடத்துல நீதான் நம்ம ஊரு."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கணமே ஆசையாகவும் இருந்தது. அப்படியானால் எங்கள் ஊரும் எங்கெங்கோ குடம் தூக்கி நடந்துகொண்டிருக்கிறது! எங்கள் தெருவிலிருந்து புள்ளலூருக்கு இரண்டு பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போனதாகவும், அங்கே இருவருக்கும் எங்கள் ஊர்தான் பேர் என்றும் அம்மா சொன்னாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா, அண்ணி, நான் மூவரும் புள்ளலூருக்குப் பஸ் ஏறுகிறோம். எங்கள் ஊர்ப் பேருக்கு என்ன பொருள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே அதைப் பேராகக் கொண்டவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் கேள்வியைத் தான்தான் கேட்கப்போவதாக அண்ணி இப்போதே சொல்லிவிட்டாள்: "அக்கா, உங்க சொந்தப் பேரு இன்னா?"