நான்காவது முடிச்சு

நாலு நாள் லீவு என்று துரை சொன்னதும், வேலை போகப்போகிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பூந்தமல்லியில் அவருடைய பங்களாவில் ஆறு வருஷம் குசினிக்காரனாக இருந்தவன் நான். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளில்கூட, சூப்பில் உப்பு எவ்வளவு என்று கேட்டு ஆள் அனுப்பிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் சும்மா இரு என்றால் பயப்படாமல் என்ன செய்வது?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பெரிய யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. எங்கள் துரை இங்கிலீஷ்காரர் இல்லை, சுவீடன்காரர். தீப்பெட்டிக் கம்பெனியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்த ஊருக்கு ஆறு மாதம் போனபோது சமைக்க என்னையும், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என் பெண்சாதியையும் கப்பலில் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்த ஊர் ஸ்டாக்ஹோம். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு அந்த ஆறு மாதமும் தேவைப்பட்டது.

துரைசாணியின் அம்மா வீடு ஏதோ கிராமத்தில். குடும்பத்தோடு அங்கே கிளம்பும்போது வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார் துரை.

"நீ, உன் ஒய்ஃப், நாலு நாள் வேலை இல்லை. ஊர் பாக்கணும். சந்தோஷமா இருக்கணும்."

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் என் பெண்சாதியைப் பார்த்தேன். அவள் என் அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா.

"இன்னாமே, நம்பள இங்கியே வுட்டுட்டு பூடுவாரோ?"

"உன்ன வச்சிகினு இந்த ஊரு இன்னா பண்ணும் மாமா? அந்தப் பயம் நமக்கு வாணாம்."

அவள் கவலை வேறு. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. பாரிவாக்கத்தில் என் அண்ணன் எனக்கு இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். ஒருத்திக்கே நான் பாதிப் புருஷன்தான், இதில் இன்னொருத்தியா என்று சிரித்துக்கொண்டே திரிந்தேன். அவள் சிரிக்கவில்லை. ஊர்ப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள். பௌர்ணமிக்கு நாலாம் நாள் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும். நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. இப்படிப் பதினோரு மாதம், நடுவில் தவறாமல். ஊரிலும் கப்பலிலுமாகப் பத்து முடித்திருந்தாள். கடைசி ஒன்றுதான் பாக்கி. அது தப்பினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதுவரை என் அண்ணன் காத்திருக்கமாட்டார்.

இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அதனால் ஒரு நூலில் முடிச்சு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு. காலையில் முதலில் எழுகிறவர் போட வேண்டும் என்பது அவள் சட்டம். துரை வீட்டார் கிளம்பிய அன்று முதல் முடிச்சு.

ஊரைச் சுற்றிப் பார்த்தோம். எங்கே திரும்பினாலும் தண்ணீர், தண்ணீருக்கு நடுவில் மாடி வீடு. சைக்கிளைப் பூட்டாமல் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைக்குள் போகிறார்கள். இது திருடனைப் பிடிக்க வைத்த பொறி என்று அவளை இழுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனேன். ஒருத்தி கைக்குழந்தையை வண்டியோடு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். என் பெண்சாதி அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"தே, வா. தூக்கினு போறோம்னு நம்ம மேல கேஸ் போடுவாளுங்க."

"பாக்கறதுக்கும் கேஸா?"

வண்டியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சந்தேகம் அந்த ஊர்ச் சூரியன் மேல்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் மண்ணூர்பேட்டைச் சந்தை கலையும் நேரம் மாதிரி வெயில் அடிக்கும். ஒருவழியாகப் போய்த் தொலைந்தது என்று கண்ணை மூடினால், மூன்று மணிக்குத் திரும்பவும் மூஞ்சியில் வந்து நிற்கும்.

அந்தக் கட்டிடத்துக்கு ஒரு காவல்காரக் கிழவர் இருந்தார். வாயில் புகையும் சுங்கான், இடுப்பில் சாவிக்கொத்து. துரைசாணி சொல்லிவைத்தபடி தினம் காலையில் ஒரு பாட்டில் பால் எங்கள் கதவருகில் வைப்பார். நாங்கள் படியேறினாலும் பார்ப்பார், இறங்கினாலும் பார்ப்பார். எங்களை வேவு பார்க்கத்தான் துரை அவரை வைத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் நூலை எண்ணிப் பார்த்தாள். நாலு முடிச்சு. குளித்துவிட்டு விரதம் ஆரம்பித்தாள். மத்தியானம் அடுப்பங்கரையில் காலிப் பாட்டில்களை நான் எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

"பாத்தியா? ஒரு நாள் பால அந்தக் கெயவன் ஆட்டயப் போட்டுட்டான்."

"நல்லா எண்ணுனியா?"

"நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா எனக்கு?"

மூன்று பாட்டிலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே போனேன். தமிழிலும் குசினி இங்கிலீஷிலும் கலந்து திட்டினேன். நாலு விரலை நீட்டினேன். கிழவர் சுங்கானை எடுக்காமலே மூன்று விரலை நீட்டினார். நான் நாலு, அவர் மூன்று. ஏலம் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் அவர் உள்ளே போய் இன்னொரு பாட்டிலை எடுத்து வந்து என் கையில் திணித்தார். திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று நெஞ்சை நிமிர்த்தி மேலே வந்தேன்.

பொழுது சாய்ந்ததும் நிலாவைத் தேடினோம். வானம் வெளுத்தே கிடந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து எதிர் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. பசியில் அவள் உதடு காய்ந்துவிட்டது. அவளே கீழே இறங்கிப் போய்க் கிழவருக்கு முன்னால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, வானத்தைக் காட்டி, கும்பிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியேறினார். எங்களையும் வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

ஐந்து மாடிக்கு மேல் ஒரு ஏணி, அதற்கு மேல் பலகைக் கதவு. மொட்டை மாடி என்று நினைத்தால் சரிந்த கூரை, கால் வைக்க ஒரு பலகை மட்டும்.

"பால் கேட்டதுக்குத் தள்ளி வுடறதுக்கு இட்டாந்துகீறான்மே" என்று அவள் காதில் சொன்னேன். இடுப்பில் ஒரு கரண்டியைச் செருகிக்கொண்டுதான் வந்திருந்தேன். அவ்வளவுதான் என் வீரம். கிழவர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டபோது அந்தக் கரண்டி நழுவி ஐந்து மாடிக்குக் கீழே போய் விழுந்து சத்தம் போட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம், கூரைகளுக்குச் சற்று மேலே, மஞ்சளாக நிலா இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மடியில் கட்டி வந்த ரொட்டியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இது நாலாம் நாள் நெலா இல்ல மாமா."

"ஊரு மாறினா நெலாவும் மாறும். சாப்புடு."

"பத்து மாசமா பாத்துகினு கீறேன். இவ்ளோ ரவுண்டா இருக்காது. இது மூணாம் நாளு." அவள் என் பக்கம் திரும்பினாள். "மூணாவது முடிச்சு நான் போடல. நீ எப்ப போட்ட?"

"காத்தாலதான். நான் முயிச்சிகினேன், மணி நாலு. நீ தூங்கினு இருந்த. சுள்ளுனு வெயிலு. போட்டுட்டு மறுபடி படுத்துகினேன்."

"வெயிலு எங்க அடிச்சிது?"

"குசினி ஜன்னல்ல."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் காலை வெயில் படுக்கை அறையில் விழும். குசினியில் விழுவது சாயங்கால வெயில். முந்தைய நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் படுத்தோம். நாலு மணிக்குக் கண் விழித்த நான் விடிந்துவிட்டது என்று முடிச்சைப் போட்டுவிட்டு, மறுபடி படுத்து நிஜமாக விடியும்வரை தூங்கியிருக்கிறேன். மறுநாள் காலையில் அவள் எழுந்து, வழக்கம்போல் இன்னொன்று போட்டிருக்கிறாள். இருட்டே வராத ஊரில், மூன்றாவதை எப்போது போட்டோம் என்று அவளுக்கும் உறைக்கவில்லை.

கிழவர் எந்தப் பாலையும் திருடவில்லை. ஒரு நாளைத் திருடினவன் நான்தான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ரொட்டியை என் மடியிலேயே திரும்பக் கட்டினாள்.

"நாளைக்கும் இருக்கேன். இன்னிக்கும் சாப்புடல, அதனால எதுவும் கெட்டுப் போகல."

"ரெண்டு நாளா? உயிரு பூடும்மே."

"போகாது. நாளைக்கு நீயும் என்கூட பட்டினி கெட."

மறுநாள் நானும் விரதம். சமைத்துச் சமைத்து ருசி பார்த்தே வளர்ந்த வயிறு என்னுடையது. பத்து மணிக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சுவரில் சாய்ந்து, வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கவும் தெம்பில்லை. ஆனால் முகத்தில் ஒரு கோணல் இல்லை.

அன்று அவள் மறுபடி ஏணி ஏறினாள், கிழவர் முன்னால், நான் பின்னால். நிலா தேய்ந்து, அவளுக்குத் தெரிந்த அளவில் இருந்தது. கும்பிட்டாள். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதுதான் அழுதாள்.

ஊருக்குத் திரும்பி ஆறாவது மாதம் அவள் முழுகாமல் இருந்தாள். என் அண்ணன் பெண் பார்ப்பதை நிறுத்தினார். பிறந்தது பையன். அவன் எப்போதாவது பால் குடிக்காமல் அடம் பிடித்தாலோ, சளி பிடித்துப் படுத்தாலோ, அவள் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

"நெசமா சொல்லு மாமா. அன்னிக்கு நீ ஒண்ணும் துன்னல இல்ல?"

"உன் மேல சத்தியமா துன்னல" என்பேன்.

அன்று மத்தியானம் கரண்டியைத் தேடுகிற சாக்கில் கீழே இறங்கினேன். கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு ரொட்டியும் உப்பு மீனும் கொடுத்தார். படிக்கட்டுக்கு அடியில் நின்று தின்றேன். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பையனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அவள் இன்னும் கேட்கிறாள்.