சிவபாதம் அண்ணை சொன்ன கிரேக்கப் படம்

சிவபாதம் அண்ணை போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் காலமானார். என் கடைக்கு மரக்கறிப் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் மாலினி தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள். மிச்சப் பெட்டிகளையும் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட்டில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. இளவயதில் கிரேக்கக் கப்பல்களில் வேலை செய்தவர். பிறகு இங்கே தொழிற்சாலையில். கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் நின்ற கோடை இரவுகளைத் திறந்தவெளிச் சினிமாவில் கழித்து, பாஷையையும் அங்கேயே பிடித்தவர். என் கடையில் தமிழ்ப்பட டிஸ்க் எடுக்க மாட்டார். குறை சொல்ல மட்டும் வருவார்.

"உதெல்லாம் படமோடா? உன்ர கறித்தூளில இதைவிடக் கதை இருக்கு."

"அப்ப அதை வாங்குங்கோ அண்ணை."

வாங்குவார்.

இந்த வைகாசியில் இலங்கையில் போர் முடிந்த கிழமை, சினிமா மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரு சிரிப்புப் படம் போட இருந்தேன். "அங்க சனம் செத்துக் கிடக்குது, உமக்குப் பகிடியோ?" என்று கடைவாசலிலேயே கேட்டார்கள். நியாயம்தான். படத்தை நிறுத்தினேன். மண்டபத்தையும் விடப் போனபோது அண்ணை மறித்தார். வன்னியில் இருந்த தம்பிக்கு என்ன நடந்ததென்று தெரியாமல், இங்கே தேவி அக்கா வீட்டுக் கதவையே திறக்காமல் இருந்த நாட்கள் அவை. அண்ணை சொன்னார்:

"கிரேக்கரும் தங்களுக்குள்ள அடிபட்டு முடிஞ்ச கையோட, ஏதென்ஸ் ஸ்டூடியோக்களில சிரிப்புப் படமா எடுத்துத் தள்ளினவை. தோத்த ஆக்களைப் பற்றி வாய் திறக்கேலாது, தணிக்கை. பிறகு ராணுவ ஆட்சி. டிவி வந்து கொட்டகையும் காலி. ராணுவம் போன பிறகுதான் செத்தவையை, நாட்டைவிட்டு ஓடினவையை வெளிப்படையாக் காட்டினவை. அழுறதுக்கு ஒரு தலைமுறை பிடிச்சுது. அதுவரைக்கும் அந்தச் சனம் ஒண்டா வந்து இருந்ததெண்டால் சிரிப்புப் படத்துக்குத்தான்."

"அப்ப படத்தைப் போடச் சொல்லுறியளோ?"

"இல்லை. மண்டபக் கதவைத் திற. அது காணும்."

இதை வாசிக்கும் உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். தேவி அக்காவை மாலினி காரில் கூட்டிவந்தாள். வெறும் திரை. அண்ணை எழும்பித் திரைக்கு முன்னால் போய், தான் பார்த்த ஒரு படத்தைச் சொல்லத் தொடங்கினார்: மூன்று மகள்களுக்கும் ஒரே நாளில் மாப்பிள்ளை தேடும் தகப்பன். தகப்பனாக நடித்துக் காட்டியதும் அண்ணையே, தரகராகவும் அவரே. மாமியாராக இடுப்பில் கைவைத்து நின்றபோது தேவி அக்கா சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளேயே அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவரை அணைத்துக்கொண்டார்கள். சிரித்ததற்காக ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அண்ணை கதையை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

செத்தவீடு முடிந்தபின் மாலினி ஒரு பெட்டி நிறையக் கிரேக்கப் படங்களைக் கடைக்குக் கொண்டுவந்தாள். "எவ்வளவு தருவீங்கள், மாமா?" நான் வியாபாரி. விலைபோகாத சரக்கென்று பார்த்ததும் தெரிந்தது.

"உனக்கு வேண்டாமோ பிள்ளை?"

"அப்பா இதில என்னத்தைப் பார்த்தவர் எண்டு எனக்கு விளங்கேல்லை." இதை டேனிஷில் சொன்னாள்.

பேசி முடித்தது இதுதான். பெட்டி என்னிடம் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் என்னோடு ஒரு படம் பார்க்க வரவேண்டும். திரையின் கீழே ஓடும் டேனிஷ் எழுத்தை அவள் வாசிப்பாள். அந்தப் படங்களைப் பற்றி அவளுடைய அப்பா சொன்னதை நான் சொல்லுவேன். தேத்தண்ணி என் செலவு.