கசாப்புக் கடைக்காரர் வாயில் மாட்டெலும்பு

கசாப்புக் கடைக்காரருக்கு வாய்தான் மூலதனம். தெருவுக்குள் நுழையும்போதே "நெஞ்சுக்கறி பிரமாதம்!" என்ற குரல் வந்து ஆளை இழுக்கும். அந்த வாயில் கடைவாய்ப்பல் ஒன்று வெகுகாலமாகச் சீழ் பிடித்துக் கிடந்தது. முழு மாட்டை அலட்டாமல் துண்டு போடும் மனுஷர், பல் டாக்டர் என்றால் மட்டும் வெலவெலத்துப் போவார். கன்னம் பன்னாக உப்பிய அன்று மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "சீழ் எலும்பையே தின்னுடுச்சு. புதுப்பல் நடணும்னா இந்தப் பள்ளத்தை எலும்புத் தூளால ரொப்பணும்."

"யாரு எலும்பு?"

"மாட்டெலும்புதான்."

அதுவரை தொங்கிக் கிடந்த முகத்தில் களை வந்தது. "எந்தப் பாகம்? தொடையா?"

அறுவை சிகிச்சைக்கு வரச் சொன்ன நாளில் அக்குளில் ஒரு பொட்டலத்தோடு போய் நின்றார். பிரித்தால் தொடையெலும்பு.

"காலையில வெட்டினது, டாக்டரம்மா. நம்ம கடைச்சரக்கு இருக்கும்போது குப்பியில அடைச்ச தூள் எதுக்கு?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பச்சை எலும்பை வச்சா உடம்பு ஏத்துக்காது. நாங்க போடறதுல கொழுப்பு, சதை எல்லாம் நீக்கி வெறும் கூடுதான் இருக்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரி. அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பே வளரும்."

பிறகு காகிதம் போன்ற மெல்லிய சவ்வு ஒன்றைக் காட்டினார். "தூளுக்கு மேல இதைப் போர்த்துவோம். ஈறு மளமளன்னு வளரும், எலும்பு மெதுவாத்தான் வளரும். தடுக்கலேன்னா ஈறு உள்ள புகுந்து இடத்தைப் பிடிச்சுக்கும். எலும்பு ஊன்றற வரைக்கும் இது வேலி. அப்புறம் தானா கரைஞ்சுடும்."

"நல்லா புரியுது. என் மச்சினன் ரெண்டு நாள் தங்கறேன்னுதான் வந்தான். இப்ப மாடி ரூம் அவனுது. அன்னைக்கே ஒரு சவ்வு வச்சிருக்கணும்."

"என் தம்பியை இழுக்காம உங்களுக்கு ஒரு வைத்தியமும் நடக்காதா?" என்று கூட வந்திருந்த மனைவி இடுப்பில் கிள்ளினாள்.

தையல் போட்டு முடித்த டாக்டரம்மா, காயம் ஆறும்வரை கத்தவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். கடைக்காரர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். "என் தம்பி எதுக்கு இருக்கான்?" என்றாள் அவள்.

மறுநாள் கடைவாசலில் மச்சினன் நின்றான். வீங்கிய கன்னத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த கடைக்காரரைக் காட்டி, "டாக்டரே எங்க மாமா வாயில மாட்டெலும்புதான் வச்சிருக்காங்க! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று ஒரு போடு போட்டான். கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவர் குனிந்து, "எங்க, ஆ காட்டுங்க" என்றார். கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. திட்டலாமென்றால் தையல் பிரிந்துவிடும். "ம்ம்ம்!" என்று உறுமினார். "பாத்தீங்களா, மாடு மாதிரியே!" என்றான் மச்சினன். மதியத்துக்குள் கறி தொங்கிய கொக்கிகள் காலி.

இரவு சாப்பாட்டில் அவனைக் கடித்துக் குதறிவிடுவார் என்று மனைவி பயந்தாள். அவரோ கஞ்சியை ஊதியபடி, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கடைக்கு வரச் சொல்லு" என்று முணுமுணுத்ததோடு சரி.

மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் தூர்ந்திருந்தது. கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுல எது என்னோடது, எது மாட்டோடது?"

"இனிமே பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்து முடித்துக் கை நிதானத்துக்கு வந்த பிறகுதான் புதுப்பல்லைத் தாங்கும் திருகாணியை எலும்பில் இறக்க முடிந்தது. அதுவும் எலும்போடு பிடித்த பிறகு மேலே பல் ஏறியது. அன்று வீட்டில் வறுத்த கறியில் ஒரு துண்டைக் கடைக்காரர் எடுத்து, அந்தப் பக்கமாகவே தள்ளி, கண்ணை மூடி மென்றார்.

"எப்படி இருக்கு?" என்று மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"பல்லு பிரமாதம்" என்றார். "கறிதான் வேகல."