புத்தகத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைகள்

ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை என்பது பாதி நேரம் பாடம் சொல்வது, மீதி நேரம் பிள்ளை பிடிப்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். வாசிப்பு என்றதும் வயிற்றுவலி வரும் பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான்.

காரியின் கால்

நான் புத்தகத்தைத் திறந்தால் மாயாண்டி ஜன்னலைத் தாண்டிவிடுவான். கம்மாய்க்கரை வழியே துரத்திக்கொண்டு ஓடுவேன். கடைசியில் தன் வீட்டுக் காளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் காளைகளின் பேரைக் கரும்பலகையில் எழுதினேன். செவலை. மயிலை. காரி. ஜன்னலில் ஏறியவன் இறங்கிவிட்டான்! 'கா'வில் வரும் கோட்டுக்குக் கால் என்று பேர் என்றதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. சில நாள் கழித்து, வேண்டுமென்றே காரியைக் 'கரி' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பயல் துள்ளி எழுந்து பலகைக்கே ஓடி வந்தான்.

"சார், என் மாட்டுக் கால ஒடிச்சுப்புட்டீகளே!"

தலைகீழ்ப் பாடம்

பேச்சியம்மாள் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பாள். நான் பூரித்துப்போய் அருகில் சென்று பார்த்தால், புத்தகம் தலைகீழாக இருக்கிறது! மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். நேராகப் பிடித்துக் கொடுத்தேன். எழுத்தில் மூக்கு உரசும்வரை குனிந்தாள்; ஒன்றும் தெரியவில்லை. கோளாறு படிப்பில் இல்லை, கண்ணில்.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்க வேண்டும் என்றேன். "கண்ணாடி போட்ட பொட்டப்புள்ளய எவன் கட்டுவான்?" என்று அவள் அம்மா அழுதாள். நான் தினமும் போய் நின்றேன். ஒருநாள் அவள் அப்பாவே பொறுக்கமாட்டாமல் வண்டியைப் பூட்டினார்.

கண்ணாடியோடு வகுப்புக்கு வந்தவள் பலகையைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோர்மீதும் கோபமாகத் திரும்பினாள்.

"இம்புட்டு நாளும் நீங்க எல்லாரும் இதையா பாத்துக்கிட்டிருந்தீக? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

விடிகாலை பஸ்

தவசி எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பான். ஒரு சொல் முடிவதற்குள் வகுப்பே சிரித்துவிடும். அதனால் அவனைத் தனியாக பஸ் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போய், பலகைகளில் உள்ள ஊர்ப் பேர்களை வாசிக்க வைத்தேன். அங்கே சிரிக்க ஆள் இல்லை. ஆனால் அவன் அப்பா ஒச்சப்பன், "சித்திரையோட நிறுத்திருறேன் வாத்தியாரய்யா. ஆடு மேய்க்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் அவருடைய நிலத்து வழக்கு மதுரைக் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும். விடிகாலையில் யாரோ கைகாட்டிய பஸ்ஸில் மகனோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி உறுமுகிறது. தவசி தலையை வெளியே நீட்டி வண்டியின் பலகையைப் பார்த்து, "பே... ரை... யூ... ர்!" என்று கத்தியிருக்கிறான். அப்பனும் மகனும் குதித்து இறங்கி, புறப்பட்டுவிட்ட மதுரை பஸ்ஸை ஓடிப் பிடித்தார்கள்.

மறுநாள் ஒச்சப்பன் மூச்சிரைக்கப் பள்ளிக்கு வந்தார். பின்னால் தவசி, சிலேட்டோடு.

"ஆட்ட நானே மேய்ச்சுக்கிறேன் வாத்தியாரய்யா. இவன விட்டுறாதீக!"

ஓடுகிற பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த பலன், கடைப் பலகை முதல் பொட்டலம் கட்டிய காகிதம் வரை ஒன்றுவிடாமல் வழியில் நின்று வாசித்துவிட்டு, அதே பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு லேட்டாக வந்ததுதான்.