விழுந்த இடம்: குளியலறை

அரியலூர் மருத்துவமனையில், அவசரப் பிரிவு வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாருடைய காலையோ தவறுதலாக என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட நினைவும் இல்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால், நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நான் கோர்ட்டில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தர்) இருந்து ஓய்வுபெற்றவன். முறையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

செந்துறையில் என் மகள் கோமதியின் மாமனார் வீடு. அவள் கொழுந்தனுக்கு உடையார்பாளையத்தில் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் வந்து வீடு பார்த்து, கைநனைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதாவது இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள், சம்பந்தம் முடிவானது. பெண் வரவில்லை; வருவது வழக்கமில்லை. அவர்களுடைய வேனை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். வாசலில் விரித்திருந்த ஜமக்காளம் என் காலோடு சேர்ந்து உள்ளே போயிற்று. அடியில் மூடி போடாத புதுத் தண்ணீர்த் தொட்டி. வந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று என் சம்பந்தி, கோமதியின் மாமனார், மெல்லிய பலகை வைத்து மறைத்திருந்தார். அத்தனை பேரையும் தாங்கிய பலகை, என் முறை வந்ததும் கைவிரித்துவிட்டது. இடுப்பு தொட்டி விளிம்பில் மோதியது.

அரியலூரில் முதலுதவி, எக்ஸ்ரே. அங்கிருந்து பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை.

"தொடை எலும்போட கழுத்து உடைஞ்சிருக்குங்க ஐயா. பந்து மாதிரி இருக்கிற தலையை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வைக்கணும்" என்றார் டாக்டர்.

"அப்பீல் உண்டுங்களா?"

"இல்லைங்க. நாளைக்கே பண்ணணும்."

அறுவைக்குப் பின் இரண்டு நாள் எனக்கு டெலிரியம் (முதியவர்களுக்கு வந்து போகும் மனத்தடுமாற்றம்). வார்டு கோர்ட் ஹாலாகத் தெரிந்ததாம். டிரிப் ஸ்டாண்டைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னேனாம். நர்ஸ் சொல்லித்தான் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்தால் பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும். எனக்குத் தெளிந்தது. ஒன்றைத் தவிர.

அடுத்தவர் இடத்தில் விழுந்தவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. வாடகை மண்டபமாக இருந்தால் நுகர்வோர் ஆணையம். வீடு என்பதால் அந்தக் கதவு எனக்கில்லை. கவனக்குறைவால் காயம் என்று போலீஸில் புகார் தரலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மூன்று ஆண்டுக்குள் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். பள்ளத்தை மறைத்து ஜமக்காளம் விரித்தவருக்குச் சொல்ல என்ன பதில் இருக்கிறது? வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிய வாரத்திலேயே நோட்டீஸை மனதில் எழுதி முடித்துவிட்டேன். சம்பந்தி ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நேரம் சரியில்லைங்க" என்றார். நேரத்தின் மேல் வழக்குப் போட முடியாது.

பிறகு ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கினேன். மருத்துவமனையில் முதலில் சொல்வது அதில் ஏறும். அந்த ஒரு வரியில் எத்தனையோ வழக்குகள் உடைந்ததைப் பார்த்தவன் நான். என்னுடையதில் எழுதியிருந்தது: 'வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளியே கூறியது.' கீழே என் இடது பெருவிரல் ரேகை.

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சம்பந்தி சொல்லிக்கொடுத்தாரா? டெலிரியமா? அது அறுவைக்குப் பிறகல்லவா வந்தது? நாட்களை முன்னும் பின்னும் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் குறைந்தது. என் ரேகை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது யாரைக் குறுக்கு விசாரணை செய்வது?

கோமதியைக் கேட்டேன்.

"நீங்கதாம்ப்பா சொன்னீங்க."

"உங்க மாமனார் சொல்லச் சொன்னாரா?"

"அவரு மருந்துச் சீட்டோட வெளிய நின்னாரு. வண்டியில வரும்போது நான்தான் அழுதுக்கிட்டே வந்தேன். பொண்ணு வூட்டுக்காரங்க காலடி வெச்ச அன்னிக்கே இப்படின்னா, அந்தப் பொண்ணுக்கு ராசியில்லன்னு ஆயிடும்ன்னு பொலம்பினேன். கல்யாணமான வருசம் மோட்டார் தீஞ்சதுக்கே எனக்கு அந்தப் பேருதானே வெச்சாங்க. டாக்டர் கேட்டப்ப நீங்க என் மூஞ்சியைப் பாத்துட்டே பாத்ரூம்ன்னு சொன்னீங்க."

"நீ ஏன் தடுக்கல?"

"உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

தையில் கல்யாணம். வாக்கரோடு போனேன். நோட்டீஸின் வரைவு சட்டைப் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. தாலி கட்டி முடிந்ததும் வரிசையில் நின்று மணமக்களிடம் போனேன்.

"கோமதியக்கா அப்பாதானே நீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். "பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களாமே. ஈரத்துல பாத்து நடங்கப்பா."

பக்கத்தில் நின்ற சம்பந்தி கழுத்து மாலையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கோமதி என்னையே பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "வழுக்கிடுச்சு."

இம்முறை வலி இல்லை, மயக்கம் இல்லை. ஒரு மண்டபம் நிறையச் சாட்சிகள்.

உங்களுக்கு என் யோசனை: விழுந்த இடத்தைப் படமெடுங்கள், பார்த்தவர்களின் பெயரை எழுதிவையுங்கள், டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். மூன்று ஆண்டு இன்னும் முடியவில்லை. தினமும் கணக்கிடுகிறேன், எதற்கென்று தெரியாமல். செந்துறை வாசலில் இப்போது டைல்ஸ் போட்டுவிட்டார்கள், தொட்டி இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் என் வலது கால் என்னைக் கேட்காமல் நின்றுவிடுகிறது. அதற்குள் இருக்கும் எலும்பு என்னுடையதுகூட இல்லை.